பாடி லிஃப்ட் கிட்டில் வரும் ஸ்டீயரிங் எக்ஸ்டென்ஷன்: கட்டை போதுமா, ஷாஃப்டையே மாற்றணுமா?

பழைய ஃபோர் வீல் டிரைவின் பாடியை, சேசிஸுக்கு மேல் கட்டை வைத்து 50 மி.மீ. தூக்கியதும் (இதுதான் பாடி லிஃப்ட்) ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கிறதென்று வண்டியை நேரே அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுகிறவர்கள் அதிகம். அது வீண் செலவு. பாடி லிஃப்டில் சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே எதுவும் அசைவதில்லை. டோ, கேம்பர், காஸ்டர் என்ற சக்கரக் கோணங்கள் மூன்றும் இருந்தபடியேதான் இருக்கும். ஸ்டீயரிங் காலம் (வீலைத் தாங்கும் தண்டும் குழாயும்) பாடியோடு மேலே போகிறது, ஸ்டீயரிங் பாக்ஸ் (வீலின் சுழற்சியைச் சக்கரத்துக்கு மாற்றும் பல்பெட்டி) சேசிஸிலேயே நிற்கிறது. இழுபடுவது நடுவில் இருக்கும் ஷாஃப்ட். ஆகவே கிட் வாங்கும்போது மவுன்ட் கட்டைகளின் பளபளப்பைப் பார்ப்பதைவிட, அந்த ஷாஃப்டுக்கு என்ன தந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

சில கிட்டுகளில் எதுவுமே இருக்காது. "ஒரிஜினல் ஷாஃப்டே நீண்டு கொடுக்கும்" என்று ஒரு வரி மட்டும் போட்டிருப்பார்கள். 25 மி.மீ. லிஃப்டுக்கு இது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஷாஃப்ட் நீண்டபின் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதே கேள்வி. லிஃப்டுக்கு முன் உள்ஷாஃப்டில், வெளிக்குழாயின் விளிம்பை ஒட்டி ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தூக்கியபின் அந்தக் கோடு விலகிய தூரம்தான் நீண்ட அளவு. முதலில் உள்ளே இருந்த நீளத்தில் அதைக் கழித்தால் மிச்சம். இன்னும் 25 மி.மீ.யாவது உள்ளே இல்லையென்றால் அந்த ஷாஃப்டை நம்பி ஓட்டக் கூடாது.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் கட்டை, அதாவது ஷாஃப்டோடு சேர்த்து அதன் நீளத்தைக் கூட்டும் துண்டு. மலிவு கிட்டுகளில் வருவது இதுதான், அதிகம் தவறு நடப்பதும் இதில்தான். 50 மி.மீ. லிஃப்டுக்கு 50 மி.மீ. கட்டையைத் தந்துவிடுகிறார்கள். ஷாஃப்ட் செங்குத்தாக நின்றால் சரி, சாய்ந்துதானே நிற்கிறது? 450 மி.மீ. நீள ஷாஃப்ட் தரையிலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், 50 மி.மீ. தூக்கும்போது அது நீள வேண்டியது வெறும் 27 மி.மீ. கோணம் 35 டிகிரி ஆகிவிடும். மீதி 23 மி.மீ.யை எங்கே தள்ளுவது? ஸ்லிப் ஜாயின்டில் (வெளிக்குழாய்க்குள் உள்ஷாஃப்ட் நழுவும் இடம்) இடம் இருந்தால் அது வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அழுத்தம் காலத்தின் பேரிங்கிலும், விபத்தில் மடங்குவதற்காக வைத்த பிளாஸ்டிக் பின்களிலும் இறங்கும். கட்டை இறங்கவில்லையென்று சுத்தியலால் தட்டினால் முதலில் ஒடிவது அந்தப் பின்தான். ஒடிந்தபின் ஸ்டீயரிங் வீலை முன்னும் பின்னும் இழுத்தால் தளர்ந்து ஆடும். காலத்தைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய வழியில்லை.

கட்டையில் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் பிஞ்ச் போல்ட் (ஷாஃப்டைக் கவ்வி இறுக்கும் போல்ட்) துளை. ஷாஃப்டில் அந்த போல்டுக்காக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். போல்ட் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் ஷாஃப்ட் நழுவாது. ஷாஃப்ட் முழுசாக உள்ளே போகாமல் போல்ட் மட்டும் இறுகினால், மேலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். கையால் போல்டை நுழைத்துப் பாருங்கள். உரசாமல் மறுபக்கம் வர வேண்டும். பழைய போல்டை மறுபடி போடாமல் 10.9 தரத்தில் புதிது போடுவது நல்லது. இறுக்கும் டார்க் வண்டியின் மேனுவலில் உள்ளபடி.

மூன்றாவது, நீண்டு சுருங்கும் டெலஸ்கோப்பிக் ஷாஃப்ட் முழுசாக: இரண்டு முனையிலும் நீடில் பேரிங் யூ-ஜாயின்ட் (சாய்வான கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு). செலவு கூடும்தான். ஆனாலும் 50 மி.மீ.க்கு மேல் தூக்கினாலோ, பாக்ஸ் பக்கம் ரப்பர் கப்ளிங் இருந்தாலோ இதைத்தான் வாங்க வேண்டும். ரப்பர் கப்ளிங் சின்னச் சாய்வுக்கே செய்யப்பட்டது. கூடுதலாக 5 டிகிரி வந்தாலே ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நார் விடும்.

புது ஷாஃப்ட் மாட்டும்போது கவனிக்க வேண்டியது யோக்குகளின் (யூ-ஜாயின்டைப் பிடிக்கும் கவை முனைகள்) நிலை. பழைய ஷாஃப்டில் இரண்டு யோக்கும் ஒன்றுக்கொன்று எப்படி நின்றன என்று கழற்றுமுன் குறித்து, புதிதிலும் அப்படியே வையுங்கள். இரண்டும் முறையாக நின்றால் ஒன்றின் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சமன்செய்யும். முறை தவறினால், 35 டிகிரியில் ஒரு ஜாயின்ட் மட்டுமே சுற்றின் இரண்டு இடங்களில் வேகத்தைச் சுமார் 20 சதவீதம் கூட்டும், இரண்டு இடங்களில் கிட்டத்தட்ட அதே அளவு குறைக்கும். கையில் இது கனம்-லேசு, கனம்-லேசு என்று தெரியும். பவர் ஸ்டீயரிங் பம்பைக் குறை சொல்லி மாற்றியவர்களும் உண்டு!

இனி வீல் கோணல். பல ஷாஃப்டுகளில் 36 ஸ்ப்லைன் பல் இருக்கும், அதாவது ஒரு பல்லுக்கு 10 டிகிரி. வீல் 10 அல்லது 20 டிகிரி சாய்ந்து நின்றால் ஷாஃப்டைப் பல் மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கழற்றி, பல் எண்ணி, திரும்ப மாட்டுவதே வைத்தியம். இரண்டு பக்கம் தட்டையான டபுள் டி வடிவ ஷாஃப்டுக்கு இரண்டே நிலை, அதனால் தவறினால் வீல் தலைகீழாகத்தான் நிற்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு பாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கைத் திருகி வீலை நேராக்கக் கூடாது. சக்கரம் நேராக நிற்கும்போது பாக்ஸ் அதன் நடுவில் இருக்க வேண்டும்; உள்ளே குண்டுகள் சுற்றி ஓடும் ரீசர்குலேட்டிங் பால் பாக்ஸில் பல் பிடி மிக இறுக்கமாக இருப்பது அங்கேதான். நடுவை விட்டு விலக்கினால் நேர்ச்சாலையில் ஆட்டம் வரும், வண்டி அலையும். வீலையே கழற்றித் திருப்பி மாட்டினால் இண்டிகேட்டர் தானாக அணைவது ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் ஆகிவிடும். ஏர்பேக் உள்ள வண்டியில் ஷாஃப்ட் கழன்றிருக்கும்போது வீல் சுழலாமல் சீட் பெல்டால் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் ஏர்பேக்குக்கு மின் இணைப்பு தரும் கிளாக் ஸ்பிரிங் அறுந்துபோகும்.

திருப்பிவிட்ட ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லையென்றால் காஸ்டர்மேல் பழி போடுமுன் ஒரு சோதனை. முன்சக்கரத்தைத் தூக்கி, இன்ஜினை அணைத்து, பாக்ஸ் பக்கம் ஷாஃப்டைக் கழற்றுங்கள். காலம் ஒரு விரலால் சுற்ற வேண்டும் (ஏர்பேக் வண்டியில் இரு பக்கமும் கொஞ்சம் மட்டும் திருப்பிப் பாருங்கள்). சுற்றினால் குறை கீழே. இறுகினால் ஷாஃப்ட் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) துளையின் ரப்பரில் உரசுகிறது, அல்லது நீளமான கட்டை அழுத்தியதில் காலத்தின் பேரிங் கெட்டிருக்கலாம். துளை விளிம்பில் பளிச்சென்று தேய்ந்த பிறைக்கோடு தெரிந்தால் அங்கேதான் உரசல்.

சஸ்பென்ஷனையும் சேர்த்துத் தூக்கியிருந்தால் கதை வேறு: காஸ்டர் குறையும், ஆக்ஸிலைச் சேசிஸோடு பிடிக்கும் டிராக் பார் அதைப் பக்கவாட்டில் இழுக்கும். அப்போதுதான் அலைன்மென்ட் மெஷினுக்கு வேலை. எப்படியானாலும் ஷாஃப்டில் வெல்டிங் வைத்து நீட்டித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.