வீட்டுக் கணினிக்கு ஃபயர்பாக்ஸ்: நிறுவிய அன்றே மாற்ற வேண்டிய அமைப்புகளோடு ஒரு மதிப்புரை

ஒரே கணினியைத் தாத்தா முதல் பேரப்பிள்ளை வரை எல்லோரும் பயன்படுத்தும் வீடுகளுக்கு எந்த உலாவி ஏற்றது என்று கேட்பவர்களுக்கு நான் ஃபயர்பாக்ஸைத்தான் சொல்லி வருகிறேன். வேகத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. செய்தி படிப்பதற்கும் மின்கட்டணம் கட்டுவதற்கும் காணொளி பார்ப்பதற்கும் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகிய மூன்றில் எதைத் திறந்தாலும் வேகத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. வீட்டுப் பயனரை ஏமாற்றுப் பக்கங்களிலிருந்தும் ஓயாத விளம்பரங்களிலிருந்தும் காப்பதற்குத் தேவையான கருவிகள் இந்த உலாவியில் முழுமையாக இருக்கின்றன. கணினிப் படிப்பு இல்லாத ஒருவரும் சென்றடையக்கூடிய இடத்திலும் இருக்கின்றன. ஆனால் நிறுவியபடியே விட்டுவிட்டால் அவற்றில் பாதிப் பயன்தான் கிடைக்கும் என்பதால், இதன் நிறைகுறைகளோடு மாற்ற வேண்டிய அமைப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஃபயர்பாக்ஸின் முதல் முழுப் பதிப்பு 2004 நவம்பர் 9 அன்று வெளிவந்தது. லாப நோக்கமற்ற மோசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனம் இதை உருவாக்கி வருகிறது. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா ஆகியவை எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. ஃபயர்பாக்ஸ் மட்டும் பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் கெக்கோ என்ற தன் சொந்தப் பொறியில் இயங்குகிறது. இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. தேடுபொறியில் பெயரைத் தட்டி முதலில் வரும் இணைப்பைச் சொடுக்காமல், மோசில்லாவின் சொந்தத் தளத்தின் முகவரியை முழுதாகத் தட்டித் தரவிறக்க வேண்டும். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், அந்த விளம்பரம் போலித் தளத்துக்கும் கொண்டு போகலாம்.

நிறுவியதும் முதலில் கவனிக்க வேண்டியது அறிவிப்புகள். வீட்டுக் கணினிகளில் 'வைரஸ் வந்துவிட்டது' என்ற புகாரோடு வருபவற்றில் மிகப் பலவற்றில் வைரஸ் எதுவுமே இருப்பதில்லை. ஏதோ ஒரு பக்கம் 'நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும். வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது', 'பாதுகாப்புச் சந்தா முடிந்துவிட்டது' போன்ற பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். பார்ப்பதற்கு விண்டோஸ் தானே எச்சரிப்பதைப் போல இருப்பதால், பெரியவர்கள் பதறிப்போய் அதைச் சொடுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது ஓர் இணையதளம், தனக்குக் கிடைத்த அனுமதியைக் கொண்டு அனுப்பும் செய்தி மட்டுமே. அனுமதியை நீக்கினால் அதுவும் நின்றுவிடும்.

ஃபயர்பாக்ஸ் 2020 ஜனவரியில் வெளியான 72ஆம் பதிப்பிலிருந்து, பக்கம் திறந்ததுமே இப்படி அனுமதி கேட்கும் பெட்டிகளைக் காட்டாமல், முகவரிப் பட்டையில் ஒரு சிறு குறியாக ஒடுக்கி வைத்திருக்கிறது. இது நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் பக்கத்தில் எங்கேனும் சொடுக்கிய பிறகு கேள்வி எழக்கூடும் என்பதால் இன்னும் ஒரு படி போவது நல்லது. அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு தொடர்பான பகுதிக்குச் சென்று, அனுமதிகள் என்ற தலைப்பின் கீழ் அறிவிப்புகளுக்கான பட்டியலைத் திறக்க வேண்டும். அதில் அறிமுகமில்லாத தளங்களை எல்லாம் நீக்கிவிட்டு, புதிய கோரிக்கைகளைத் தடுக்கும்படி சொல்லும் கட்டத்தில் குறியிட்டுச் சேமித்தால் போதும், அதன் பிறகு எந்தத் தளமும் கேட்கவே முடியாது. குரோமிலும் எட்ஜிலும் இதற்கு இணையான அமைப்பு இருக்கிறது என்பதால், வேறு உலாவியில் இருப்பவர்களும் இதை மட்டுமாவது இன்றே செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதன் அடுத்த வடிவம் இன்னும் கொடியது. திரை முழுவதையும் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு, பீப் ஒலியோடு, மைக்ரோசாப்டின் சின்னத்தையும் ஒரு தொலைபேசி எண்ணையும் காட்டி, உடனே அழைக்கச் சொல்லும். அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் உதவி செய்வதாகக் கூறிக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் செய்து, வங்கிக் கணக்கு வரை போய்விடுவார். அப்படி ஒரு பக்கம் வந்தால் எஸ்கேப் விசையை அழுத்தி முழுத்திரையை விலக்கி, கண்ட்ரோல், டபிள்யூ விசைகளைச் சேர்த்து அழுத்தி அந்த டேப்பை மூட வேண்டும். அசையவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஃபயர்பாக்ஸை முடித்துவிடலாம். இப்படி வலிந்து மூடிய பின் மறுபடி திறந்தால், முன்பிருந்த டேப்களை ஃபயர்பாக்ஸ் தானே மீட்டுக் கொண்டுவரக்கூடும் என்பதால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து, அந்த ஒரு டேப்பை மூடிய பிறகு இணைப்பைத் தருவது பாதுகாப்பானது. ஏற்கெனவே பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களின் கணினிக்கு அருகில் இந்த எண்ணை எழுதி ஒட்டியே வைக்கலாம்.

ஃபயர்பாக்ஸை நான் பரிந்துரைப்பதற்கான மிகப் பெரிய காரணம் யூபிளாக் ஆரிஜின் என்ற துணைநிரல், அதாவது உலாவியோடு நாமே சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல். ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர் எழுதிய இது விளம்பரங்களையும், நம் நடமாட்டத்தைப் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கிறது. கூகுள் தன் துணைநிரல் விதிகளை மாற்றியதால் குரோமில் இதன் முழு வடிவம் இப்போது இயங்குவதில்லை. குறைந்த திறனுள்ள லைட் என்ற வடிவம் மட்டுமே அங்கே கிடைக்கிறது. ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் முன்போலவே இயங்குகிறது. விளம்பரத் தடுப்பு என்பது பக்கம் அழகாகத் தெரிவதற்கான வசதி என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதன் முதன்மையான பயன் பாதுகாப்பு. தேடல் முடிவுகளில் விளம்பரமாக வரும் போலித் தளங்களைப் பற்றி எச்சரித்தபோது, 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ புலனாய்வு அமைப்பே விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. மென்பொருள் ஒன்றைத் தரவிறக்கப் போகும் இடத்தில் பச்சை நிறத்தில் நான்கைந்து 'டவுன்லோட்' பொத்தான்கள் இருந்தால் அவற்றில் உண்மையானது எது என்று தேடித் தடுமாறும் வீட்டுப் பயனருக்கு, இந்தத் துணைநிரல் செய்யும் உதவி பெரிது. நிறுவும்போது 'ஆரிஜின்' என்ற சொல் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சொல் இல்லாமல் யூபிளாக் என்று மட்டும் பெயர் கொண்டது வேறொருவருடையது. இதைத் தவிர வேறு துணைநிரல்களைக் குவிக்க வேண்டாம், ஒவ்வொன்றும் நாம் பார்க்கும் பக்கங்களைப் படிக்கும் உரிமையைப் பெரும்பாலும் கேட்கிறது.

நம்மை நினைவில் வைத்துக்கொள்ளத் தளங்கள் நம் கணினியில் இட்டுவைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகளைப் பொறுத்தவரை நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு மளிகைக்கடையின் பற்று நோட்டை இன்னொரு கடைக்காரர் புரட்டிப் பார்க்க முடியாததைப் போல, ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் அந்தத் தளத்துக்கு மட்டுமே உரியதாகப் பிரித்து வைக்கும் முறை 2022 ஜூன் முதல் எல்லோருக்கும் இயல்பாகவே இயங்குகிறது. தனிச் சாளரத்தைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம் தேவை. கண்ட்ரோல், ஷிஃப்ட், பி விசைகளால் திறக்கும் அந்தச் சாளரம், பார்த்த பக்கங்களின் பட்டியலைக் கணினியில் விட்டுவைக்காது. இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்தோ நாம் செல்லும் தளத்திடமிருந்தோ அது நம்மை மறைப்பதில்லை.

தமிழ் படிப்பவர்களுக்கு ஃபயர்பாக்ஸ் தரும் ஒரு வசதியைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். அமைப்புகளில் எழுத்துருக்களுக்கான பகுதியில் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால், தமிழுக்கென்று தனியாக எழுத்துருவையும், அளவையும், குறைந்தபட்ச அளவையும் வகுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்கு ஏற்ற சிறிய அளவில் 'ண'வும் 'ணை'யும் 'னை'யும் நெருக்கியடித்து நிற்பதால், முதியவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க நேரிடுகிறது. விண்டோஸிலேயே இருக்கும் நிர்மலா எழுத்துருவையோ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ தமிழ் எழுத்துருவையோ செரிஃப், சான்ஸ் செரிஃப் ஆகிய இரண்டு இடங்களிலும் தேர்ந்தெடுத்து, குறைந்தபட்ச அளவை 16 அல்லது 18 என வைத்தால் படிப்பது எவ்வளவோ எளிதாகிறது. தனக்கென்று தமிழ் எழுத்துருவை வகுத்துக்கொண்ட தளங்களில் நம் எழுத்துரு வராது, ஆனால் குறைந்தபட்ச அளவு அங்கும் செல்லுபடியாகும்.

அதோடு எஃப் 9 விசையையும் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். செய்திக் கட்டுரை ஒன்றைத் திறந்து, விண்டோஸில் இந்த விசையை அழுத்தினால், ஓரத்துப் பட்டைகளும் தாமாக ஓடும் காணொளிகளும் நீங்கி, கட்டுரையும் அதன் படங்களும் மட்டும் நிற்கும். எழுத்தின் அளவையும், வரி இடைவெளியையும், பின்னணி நிறத்தையும் அங்கேயே மாற்றலாம். கட்டுரை வடிவில் இல்லாத முகப்புப் பக்கங்களில் இது வேலை செய்யாது.

கடவுச்சொற்களை ஃபயர்பாக்ஸிலேயே சேமித்து வைப்பது, டைரியில் எழுதி வைப்பதையும் எல்லாத் தளங்களுக்கும் ஒரே சொல்லை வைப்பதையும் விட மேலானது. சேமித்த கடவுச்சொல்லை உலாவி அதற்குரிய முகவரியில் மட்டுமே தானாக நிரப்பும் என்பதால், வங்கியின் பக்கத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் கட்டம் காலியாகவே நிற்கும். அதைக் கண்டவுடன் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு முகவரியைப் படிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே விண்டோஸ் கணக்கைப் பயன்படுத்துவதாக இருந்தால், அமைப்புகளில் சேமித்தவற்றை எல்லாம் பூட்டிவைக்கும் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை வைத்துக்கொள்வது கட்டாயம்; அது இல்லாவிட்டால் உங்கள் கணக்குகளுக்குள் வீட்டுக்கு வந்த விருந்தினரும் நுழைந்துவிட முடியும். ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு இருப்பது இதைவிடவும் நல்லது.

தவறி மூடிய டேப்பைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி விசைகள் திரும்பக் கொண்டுவரும். திறந்த டேப்கள் மிகுதியாகிவிட்டால், முகவரிப் பட்டையில் சதவீதக் குறியும் ஓர் இடைவெளியும் இட்டு ஒரு சொல்லைத் தட்டினால் அந்த டேப்பைக் கண்டுபிடித்துத் தரும். நட்சத்திரக் குறி இட்டால் சேமித்த புத்தகக்குறிகளில் தேடும். கணினி மந்தமாகும்போது ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் வரும். 4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள பழைய கணினிகளில் இந்தப் பட்டியல் பார்த்து ஒன்றிரண்டை மூடுவதே, தூய்மைப்படுத்துவதாகக் கூறி விற்கப்படும் மென்பொருள்களை விடப் பயன் தரும்.

குறைகளும் இருக்கின்றன. குரோமில் மட்டுமே சோதித்து வெளியிடப்படும் தளங்கள் பெருகிவிட்டதால், சில விண்ணப்பப் படிவங்களும் காணொளிக் கூட்டத் தளங்களும் ஃபயர்பாக்ஸில் பிசகுவது உண்டு. இதற்காகவே விண்டோஸில் ஏற்கெனவே உள்ள எட்ஜை நீக்காமல் இரண்டாவது உலாவியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். புதிய டேப் பக்கத்தில் விளம்பரதாரர்களின் குறுக்குவழிகள் தோன்றுவது, தனியுரிமையை முன்னிறுத்தும் ஓர் உலாவிக்கு அழகல்ல. அப்பக்கத்தின் அமைப்பிலேயே அவற்றை நீக்கிவிடலாம் என்றாலும், தொடக்கத்திலிருந்தே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். மோசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகுள் தரும் பணம் என்பதும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

விண்டோஸ் 7, 8 கணினிகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு 115ஆம் பதிப்பே கடைசி. அந்தக் கணினிகளில் எந்த உலாவியைக் கொண்டும் வங்கிப் பரிவர்த்தனை செய்யாமல் இருப்பது நல்லது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஃபயர்பாக்ஸை நிறுவிக்கொள்ளலாம், யூபிளாக் ஆரிஜின் அங்கேயும் அப்படியே வேலை செய்கிறது. ஐஃபோனில் இந்த உலாவிக்குத் துணைநிரல் வசதி கிடையாது, ஆகவே அங்கே இதை வற்புறுத்த மாட்டேன்.