கடைக் கணினிக்கு ஆட்டோஹாட்கீ: விண்டோ காட்டாமல் வேலை செய்யும் நிரல்கள்

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் சின்னக் கடைகளுக்குக் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே திரையில் பில் மட்டும்தான் தெரிய வேண்டும். நடுவில் கறுப்பு விண்டோ ஒன்று எட்டிப் பார்த்தால் கல்லாவில் இருப்பவர் மூடிவிடுவார், நிரலும் அதோடு போச்சு. விண்டோவே இல்லாமல் ஓடும் குட்டி நிரல் எழுத ஆட்டோஹாட்கீயைவிடத் தோதான கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

2003இல் வந்த இலவச மென்பொருள், விண்டோஸுக்கு மட்டும். நான் எழுதுவது 2022 டிசம்பரில் வெளியான 2.0 பதிப்பில்.

ஒரு ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவியும். செட்டைமர் என்ற கட்டளையைப் போட்டுச் சில நொடிக்கு ஒருமுறை பார்த்து, வந்ததை அன்றைய தேதி ஃபோல்டருக்கு நகர்த்த வைத்தேன். ஷார்ட்கட்டை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டால் கணினி திறந்ததும் தானாக ஓடும். பைதான் மொழி நிரல்களைப் பின்னணியில் ஓட்டும் பைதான்டபிள்யூவும் விண்டோ காட்டாதுதான். ஆனால் அதில் பிழை வந்தால் சத்தமில்லாமல் செத்துவிடும். ஆட்டோஹாட்கீ பிழையைப் பெட்டி போட்டுச் சொல்லும். பெட்டி வேண்டாமென்றால், பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆன்எரர் மூலம் லாக் கோப்பில், அதாவது நடந்ததைப் பதியும் கோப்பில், எழுத வைக்கலாம். லாகில் தமிழ்ப் பெயர் வருமென்றால் கோப்பில் எழுதும் ஃபைல்அப்பெண்ட் கட்டளையில், தமிழ் எழுத்தைத் தாங்கும் குறிமுறையான யுடிஎஃப்-8 என்று மறக்காமல் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் வெறும் கேள்விக்குறிகள்தான்.

கடைக்காரர் கேட்டார்: "தம்பி, இது ஓடுதா நின்னுடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரும் பச்சை எச் ஐகானை மறைக்க ஒரே வரி போதும். நான் அதை எழுதுவதே இல்லை. அவருடைய கணினியில் என்ன ஓடுகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். ஐகானின் குறிப்பு வரியான ஏ_ஐகான்டிப்பில் கடைசியாக நகர்த்திய கோப்பின் பெயரையும் நேரத்தையும் போட்டுவிட்டேன். மவுஸை வைத்தால் தெரியும். விண்டோஸ் 11 இந்த ஐகானை அம்புக்குறிக்குள் ஒளித்துவிடும், வெளியே இழுத்து வைத்துக் கொடுங்கள்.

குறை ஒன்று உண்டு. நிரலைத் தனியாக ஓடும் இஎக்ஸ்இ கோப்பாக மாற்றிக் கொடுத்தால் சில ஆன்டிவைரஸ்கள் வைரஸ் என்று தூக்கிவிடுகின்றன. அதனால் ஆட்டோஹாட்கீயையே நிறுவி, ஸ்கிரிப்டை, அதாவது நான் எழுதிய நிரல் வரிகளை, அப்படியே வைத்துவிடுகிறேன். அடுத்து வருபவர் நோட்பேடில் திறந்து படிக்கவும் அதுதான் வசதி.