முதல் ஃப்ளை தூண்டில்: ரெடிங்டனா, ஆர்விஸா?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் ஓடும். ஃப்ளை தூண்டிலில் இது தலைகீழ். இறகும் நூலும் சுற்றிக் கட்டிய செயற்கை ஈக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. லைன் எனப்படும் தடித்த நூலின் எடைதான் அதைத் தூக்கிச் செல்கிறது. அந்த எடைக்குக் கோல் வளைந்து நிமிர்ந்தால்தான் வீச்சு. விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன், கோல் உங்கள் கைக்கு வளைகிறதா என்று பாருங்கள்.

நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைகளில், பீவர்கில் போன்ற ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவருக்கு அளவில் குழப்பம் வேண்டாம்: 9 அடி நீளம், 5ஆம் எண். லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருக்க வேண்டும் என்பதே அந்த எண்ணின் பொருள். கோலின் எண்ணும் லைனின் எண்ணும் பொருந்த வேண்டும்.

குழப்பமெல்லாம் விறைப்பில்தான். 200 டாலரை ஒட்டிக் கிடைக்கும், ரெடிங்டன் நிறுவனத்தின் கிளாசிக் ட்ரவுட் பாதிவரை வளையும் மென்கோல். 20, 25 அடிக்கு வீசினாலும் லைனின் இழுப்பு உள்ளங்கையில் தெரியும். கை சற்று முந்தினாலும் பிந்தினாலும் பொறுத்துக்கொள்ளும். எதிர்காற்று அடித்தால் மட்டும் திணறும். ஆர்விஸ் நிறுவனத்தின் கிளியர்வாட்டர் அதைவிட ஓரளவு விறைப்பு, விலையும் கொஞ்சம் கூடுதல். அகன்ற மடுவில் தூரமாக வீசவும், கனத்த ஈயைக் கட்டவும் இதுவே தோது. 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு. கார் கதவில் நசுங்கிய கோலையும் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு சரிசெய்து தருவார்கள். கோல்கள் ஆற்றில் உடைவதைவிடக் கார் கதவில் உடைவதுதான் அதிகம் என்பது என் சந்தேகம்.

அதே ஆர்விஸின் ஹீலியாஸ் 1,000 டாலருக்கும் மேல். வெர்மான்டில் செய்யப்படுவது, எடை குறைவு, குறி தப்பாது. ஆனால் அந்தத் துல்லியம் 50 அடிக்கு நேராக வீசத் தெரிந்தவருக்குத்தான் பயன்படும். நான் முதலில் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் விலையுயர்ந்த, விறைப்பான கோல். அந்தக் கோடை முழுக்க லைன் என் காலடியிலேயே சுருண்டு விழுந்தது. ட்ரவுட்டுகளுக்கு நல்ல ஓய்வு.

புதர் மூடிய சிற்றோடைதான் உங்கள் இடம் என்றால் 7 அடி கண்ணாடியிழைக் கோல் ஒன்றையும் யோசிக்கலாம். மூங்கில் கோல் அழகு. இப்போதைக்கு அடுத்தவர் கையில் பார்த்து ரசியுங்கள்.

புதியவருக்கு என் தேர்வு கிளாசிக் ட்ரவுட். ஏற்கெனவே இரண்டு பருவம் இரவல் கோலில் வீசிப் பழகியவர் கிளியர்வாட்டருக்குப் போகலாம். மிச்சப்படும் பணத்தை ரீலில் கொட்ட வேண்டாம். இந்த அளவு ட்ரவுட்டுக்கு ரீல் பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கும் உருளைதான். நல்ல லைனுக்குச் செலவழியுங்கள். மட்டமான லைன் கோலின் வளையங்களில் உரசி நின்றுவிடும். எந்தக் கோலும் அதைக் காப்பாற்றாது. ஃப்ளை தூண்டில் கடைகள் பலவற்றில் வெளியே புல்தரையில் வீசிப் பார்க்க விடுவார்கள். அப்போது 60 அடிக்கு வீசிக் காட்ட முயலாமல், 25 அடியில் ஒரு தட்டை வைத்து அதில் விழுகிறதா என்று பாருங்கள்.