மூணு வருஷமா ஒரே வேர்ட் கவுண்டர், மூணு வருஷமா ஒரே கடுப்பு

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "நீ எழுதுறதுக்கு எந்த வேர்ட் கவுண்டர்டா வச்சிருக்க, நல்லாருக்கா?"ன்னு. நல்லாருக்குன்னு சொல்லி போனை வச்சுட்டேன். அப்புறம்தான் உள்ளுக்குள்ள அரிச்சுது, எப்படி வாய் கூசாம அப்படிச் சொன்னேன்னு.

எழுதினத ஒட்டினா வார்த்தை, எழுத்து, பாரா எத்தனைன்னு எண்ணும், கீழ வாசிக்கும் நேரம் காட்டும், இது எல்லா கவுண்டர்லயும் இருக்கறதுதான். லாகின் கேக்காது, நெட் இல்லாட்டியும் ஓடும், ஒரு தடவைகூட தொங்கினதில்ல. இதுக்கு முன்னாடி வச்சிருந்தது "தமிழ்"ங்கற ஒத்தை வார்த்தைய ரெண்டா எண்ணும், கொம்பு புள்ளியெல்லாம் பாத்தா அங்க வார்த்தை முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கும். இது அந்தக் கூத்தெல்லாம் பண்ணாது. எழுத்துக் கணக்குல மட்டும் "தமிழ்"னா 5ங்குது, "மி"ல இருக்கற கொக்கியையும் "ழ்" மேல புள்ளியையும் தனியா எண்ணி. அது போகட்டும்.

வாசிக்கும் நேரம்தான் என் பிரச்சனை.

ஒரு நிகழ்ச்சில 5 நிமிஷம் பேசச் சொன்னாங்க. எழுதி ஒட்டிப் பாத்தேன், 1150 வார்த்தை, "5 நிமிடம்"னு காட்டுச்சு. ஆஹா கச்சிதம்னு பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேடைல நின்னு படிக்க ஆரம்பிச்சா, ரெண்டாவது பக்கம்கூட முடியல, மணி அடிச்சுட்டாங்க. நான் சொல்ல வந்த மேட்டரே நாலாவது பக்கத்துலதான் இருக்கு.

நியாயமா பேசணும்னா பாதித் தப்பு என்னோடது. அது காட்டுறது மனசுக்குள்ள படிக்கிற நேரம், வாய்விட்டுப் படிச்சா கூடத்தான் ஆகும். சரி, மீதி பாதி? செட்டிங்ஸ நோண்டினா நிமிஷத்துக்கு 238 வார்த்தைன்னு வச்சிருக்காங்க. தேடிப் பாத்தேன், 2019-ல மார்க் பிரிஸ்பேர்ட்னு ஒரு ஆய்வாளர் 190 ஆய்வுகள தொகுத்து எடுத்த சராசரி அது, பெரியவங்க இங்கிலீஷ் கட்டுரைய மௌனமா படிக்கிற வேகம். வாய்விட்டுப் படிக்க 183ங்கறார், அதுவும் இங்கிலீஷுக்குத்தான். மத்த மொழின்னா, ஒரே விஷயத்த சொல்ல அந்த மொழிக்கு எத்தனை வார்த்தை வேணும்னு பாத்துக் கணக்குப் போடலாம்னு அவரே சொல்லிட்டார். இந்தக் கவுண்டரச் செஞ்சவங்க அந்த வரிக்கு முன்னாடியே புஸ்தகத்த மூடிட்டாங்க போல.

நம்ம ஆளுங்க "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து"ன்னு எழுதுவோம். இது ஒரு வார்த்தை. கவுண்டருக்கு கால் செகண்டு. அத ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. இதையே "போய்க் கொண்டு இருந்தவர்களிடம் இருந்து"ன்னு பிரிச்சுப் போட்டா நாலு வார்த்தை, நேரமும் நாலு மடங்கு! ஒரு நாள் வேணும்னே ஒரு டிராஃப்ட்ல இந்த மாதிரி இடத்தையெல்லாம் பிரிச்சு விட்டேன், புதுசா ஒரு விஷயமும் எழுதாம 40 வார்த்தை ஏறுச்சு. வார்த்தை வரம்பு வச்ச போட்டிக்கெல்லாம் நான் சேத்து எழுதுவனா பிரிச்சு எழுதுவனான்னு நீங்களே ஊகிச்சுக்கோங்க.

இதையும் பொறுத்துக்குவேன். நாலஞ்சு டிராஃப்ட்ட ஸ்டாப்வாட்ச் வச்சு சத்தமா படிச்சுப் பாத்ததுல என் வேகம் நிமிஷத்துக்கு 95 வார்த்தைகிட்ட வருது, செட்டிங்ஸ்ல 95 போட்டா கணக்கு அச்சா உக்காருது. ஆனா மூடித் திறந்தா மறுபடியும் 238. மூணு வருஷமா! ஒரு எண்ண ஞாபகம் வச்சுக்க முடியாதா? டார்க் மோட் போட்டா மட்டும் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேங்குது. ரெண்டு தடவை மெயில் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு வந்துச்சு, அடுத்த அப்டேட்ல புதுசா நாலு கலர் தீம் வந்துச்சு.

இப்ப ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டுட்டேன், வேணாம்டா, இத இறக்காத, போன்ல ஸ்டாப்வாட்ச ஓட விட்டு வாய்விட்டுப் படி, அது போதும்னு. நான் மாத்துறதா இல்ல. நீளமா எழுதினத வெட்ட வெட்ட ஓரத்துல அந்த எண் 900, 860, 810ன்னு இறங்கிட்டே வரும் பாருங்க, அது வேற எதுலயும் இவ்ளோ அழகா இறங்கல.