கட்டளைவரிக் கருவிகளின் பதிப்பைப் பூட்டிவைத்தல்: மீஸ் தந்த அனுபவம்
கோ மொழியில் எழுதிய எங்கள் சேவையின் சார்புகளை, அதாவது அது பயன்படுத்தும் நூலகங்களின் பதிப்புகளையெல்லாம் கோ.மாட் கோப்பு கறாராகப் பிடித்துவைத்திருந்தது. ஆனால் புரோட்டோபஃப் என்ற தரவு வரையறை மொழியிலிருந்து நிரலை உருவாக்கும் புரோட்டோசி, அதன் கோ செருகுநிரல், நிரலில் குறைகளைத் தேடும் லின்டர், குபர்நெட்டிஸில் செயலிகளை நிறுவும் ஹெல்ம் ஆகிய கட்டளைவரிக் கருவிகள் அவரவர் கணினியில் எப்போதோ நிறுவிய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தன. புரோட்டோபஃப்பிலிருந்து உருவாகும் ஒவ்வொரு கோ கோப்பின் தலையிலும் செருகுநிரலின் பதிப்பும் புரோட்டோசியின் பதிப்பும் இரண்டு குறிப்பு வரிகளாக எழுதப்படும். ஆகவே ஒருவர் ஒரே ஒரு புலத்தைச் சேர்த்துவிட்டு நிரலை மறுபடி உருவாக்கினால், அவர் தொடாத கோப்புகளிலும் அந்த வரிகள் மாறிவிடும். மாற்றங்களைச் சரிபார்க்க அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டைப் பார்ப்பவர் மெய்யான மாற்றம் எது என்று தேட வேண்டிவரும். அடுத்தவர் உருவாக்கும்போது அதே வரிகள் பழைய எண்ணுக்குத் திரும்பும்.

இதைத் தீர்க்கவே, திட்டத்துக்கு எந்தக் கருவி எந்தப் பதிப்பில் வேண்டும் என்பதை ஒரு கோப்பில் பதிந்து நிறுவித்தரும் மீஸ் என்ற கருவிக்கு மாறினோம். 2023இல் ஆர்டிஎக்ஸ் என்ற பெயரில் வெளிவந்து, 2024 தொடக்கத்தில் பெயர் மாறிய இக்கருவி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது; இதே வேலைக்கான முந்தைய கருவியான ஏஎஸ்டிஎஃப்பின் .டூல்-வெர்ஷன்ஸ் கோப்பையும் படித்துக்கொள்ளும் என்பதால் மாற்றம் சிரமமாக இல்லை. ஏஎஸ்டிஎஃப் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் சரியான பதிப்புக்குத் திருப்பிவிடும் ஷிம் என்ற சிறு நிரலை நிறுத்துகிறது. மீஸோ, கோப்புறைக்குள் நுழைந்ததும் ஷெல் கட்டளைகளைத் தேடும் இடங்களைக் குறிக்கும் பாத் மாறியையே திருத்திவிடுகிறது. எந்தக் கருவி எங்கிருந்து ஓடுகிறது என்று விச் கட்டளையில் கேட்டால் உண்மையான இருப்பிடமே கிடைப்பது, பிழை தேடும் வேளையில் பெரிய உதவி. ஆனால் இந்தத் திருத்தம் ஊடாடும் ஷெல்லுக்குத்தான் பொருந்தும். டெர்மினல் வழியாக அல்லாமல் நேரடியாகத் திறந்த எடிட்டருக்கு அது எட்டாது. அங்கே ஷிம்களையும், ஸ்கிரிப்டுகளில் மீஸ் எக்ஸெக் கட்டளையையும் பயன்படுத்துவதே சரி.

நீண்ட காலப் பயன்பாட்டில் மிகுந்த கவனம் வேண்டியது வேறொன்று. மீஸ் யூஸ் கட்டளையில் 22 என்று மட்டும் கொடுத்து நோடை (ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச்சூழல்) சேர்த்தால், கோப்பிலும் 22 என்றே பதியும். அதைச் சென்ற ஆண்டு நிறுவியவரிடமும் நேற்று நிறுவியவரிடமும் 22 வரிசையின் வெவ்வேறு பதிப்புகள் இருக்கலாம். கோப்பு ரெப்போவில் இருக்கிறது என்ற நிம்மதியே இங்கு ஏமாற்றிவிடும். ஆகையால் கட்டளையில் 'பின்' (--pin) என்ற தெரிவைச் சேர்த்து முழு எண்ணையும் பதிய வேண்டும், அல்லது பதிப்போடு, இறக்கிய கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் செக்சம்மையும் குறித்துவைக்கும் மீஸ்.லாக் கோப்பைக் கமிட் செய்ய வேண்டும். நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐயும் அதே கோப்பைப் படித்தே கருவிகளை நிறுவ வேண்டும்; கொள்கலனைக் கட்டும் டாக்கர்ஃபைலில் தனியாக ஓர் எண்ணை எழுதினால் பழைய குழப்பம் வேறு வாசல் வழியாக உள்ளே வரும்.

கோ மட்டுமே உள்ள திட்டத்துக்கு, கோ 1.24இல் வந்த, கருவிகளையும் கோ.மாட்டிலேயே பதியும் டூல் குறிப்பு போதுமே என்று கேட்கலாம். சிறு கருவிகளுக்குப் போதும். ஆனால் கருவியின் சார்புகளும் அதே கோ.மாட்டில் சேர்வதால், லின்டருக்காக நம் சேவையின் நூலகப் பதிப்புகள் உயர நேரும். புரோட்டோசி போன்ற கோ அல்லாத கருவிகளுக்கு அதில் இடமுமில்லை.

இப்போது செருகுநிரலின் பதிப்பை உயர்த்துபவர், அந்த எண்ணையும் புதிதாக உருவான கோப்புகளையும் மட்டும் தனி புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்புகிறார்; வேறு எந்த மாற்றத்தையும் அதில் சேர்ப்பதில்லை.