கியூ.டி.எக்ஸ். வானொலி: ஐந்து வாட்டில் ஒரு முழுநாள் போட்டி

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, சிங்கப்பூரில் இரவு 8 மணி. அமெச்சூர் வானொலிக்காரர்கள் கணினி வழியாக உலகெங்கும் உள்ள நிலையங்களோடு தொடர்புகொள்ளும் உலக டிஜி போட்டி தொடங்கியபோது என் மேசையில் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. குமிழ் இல்லை, திரை இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. கணினிக்கு ஒரு யு.எஸ்.பி. கம்பி, மின்கலத்துக்கு ஒன்று, ஆண்டெனாவுக்கு ஒன்று, அவ்வளவுதான். கியூ.ஆர்.பி. லேப்ஸ் நிறுவனத்தின் கியூ.டி.எக்ஸ். என்ற, அனுப்பவும் பெறவும் செய்யும் இந்த வானொலியை 24 மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று காத்திருந்தேன்.

இதை நாமேதான் பொருத்திக்கொள்ள வேண்டும். நுண்பாகங்கள் பலகையில் பற்றவைத்தே வருகின்றன. சுருள்களைச் சுற்றுவதும் பெரிய பாகங்களைப் பொருத்துவதும் நம் வேலை. எனாமல் பூசிய செம்புக் கம்பியில்தான் கவனம் வேண்டும். பூச்சு முழுவதும் போகாமல் சாலிடர் வைத்தால், மேலே பளபளவென்று ஒட்டியதுபோல் தெரியும். உள்ளே மின்சாரம் போகாது. நான் ஒவ்வொரு முனையையும் பழைய பிளேடால் சுரண்டி, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட்டேன். 9 வோல்ட்டுக்கா 12 வோல்ட்டுக்கா என்பதையும் சுருள் சுற்றும்போதே முடிவுசெய்துவிட வேண்டும். நான் 12 வோல்ட்டுக்குச் சுற்றினேன். பெட்டி, அஞ்சல் செலவு எல்லாம் சேர்த்து 150 வெள்ளிக்குள் முடிந்தது. ஆண்டெனா இணைப்பிகளை மின்னணுப் பொருள்கள் விற்கும் சிம் லிம் டவரில் வாங்கினேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இது வேலை செய்யும் விதம். பெரும்பாலான வானொலிகள் கணினியின் ஒலியை அப்படியே வானொலி அலையாக மாற்றிப் பெருக்கி அனுப்புகின்றன. ஒலி அளவு கொஞ்சம் கூடினால் சமிக்ஞை சிதறி, பக்கத்தில் இருப்பவர்களையும் கெடுக்கும். கியூ.டி.எக்ஸ். அந்த ஒலியின் அதிர்வெண்ணை அளந்து, அதற்குரிய வானொலி அலையைத் தானே உருவாக்குகிறது. அதனால் சிதறலுக்கு இடமில்லை. நெரிசலான போட்டி இரவில் இது பெரிய விஷயம். ஒரு நேரத்தில் ஒரே தொனியை மட்டும் அனுப்பும் முறைகளுக்கே இது பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறுஞ்செய்திகளைத் தொனிகளாக மாற்றி அனுப்பும் எஃப்.டி.8, எஃப்.டி.4 முறைகள் சரி. பேச முடியாது, பி.எஸ்.கே.31 என்ற தட்டச்சு முறையும் முடியாது.

வீடு அங் மோ கியோவில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பதினோராம் தளம். நீளக் கம்பி கட்ட இடம் ஏது? சன்னலோரம் ஒரு மீட்டர் அகல வளைய ஆண்டெனாவை முக்காலியில் நிறுத்தினேன். இதன் அலைவரிசை அகலம் மிகக் குறுகியது. அதிர்வெண்ணைக் கொஞ்சம் மாற்றினாலும் மறுபடி ஒத்திசைக்க வேண்டும். ஆனால் எஃப்.டி.8-இல் பெரும்பாலோர் 20 மீட்டர் போன்ற ஒவ்வோர் அலைநீளப் பட்டையிலும் சில கிலோஹெர்ட்ஸுக்குள்ளேயே இருப்பதால் ஒரு பட்டைக்கு ஒருமுறை ஒத்திசைத்தால் போதும்.

ஒன்பது மணிக்குக் கணினித் திரை முழுவதும் செங்குத்துக் கோடுகள் விழுந்தன. எங்கோ ஒரு மின்விளக்கின் இரைச்சல். வளையத்தைக் கையால் அங்குலம் அங்குலமாகத் திருப்பினேன். கோடுகள் மங்கி மறைந்தன. அவற்றுக்கு அடியிலிருந்து மெல்லிய சமிக்ஞைகள் நான்கைந்து எழுந்தன. அதில் ஒன்று இங்கிலாந்து, இரைச்சலுக்கும் கீழே, மைனஸ் 17 டெசிபல். அழைத்தேன். பதினைந்து நொடி. பதில் இல்லை. மூன்றாம் அழைப்பில் என் அழைப்புக்குறி திரும்பி வந்தது. உலக வரைபடத்தில் என் இடத்தைக் குறிக்கும் ‘ஓ.ஜே.11’ என்ற கட்டத்தை அனுப்பினேன், உறுதி வந்தது. பின்னால் நின்ற மனைவி, “நம் இரவு விளக்கின் அளவு மின்சாரம்தானே இது?” என்றார். ஆம், ஐந்து வாட்தான். நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கியோடு சேர்ந்து 2017-இல் தந்த எஃப்.டி.8, இரைச்சலுக்குக் கீழே புதைந்த சமிக்ஞையையும் படித்துவிடும்.

போட்டியில் ஒரு தொடர்புக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு 3,000 கிலோமீட்டருக்கும் மேலும் ஒன்று. இங்கிலாந்துக்கு நான்கு, ஜப்பானுக்கு இரண்டு. சென்னை 3,000-க்குள் வருவதால் ஒன்றுதான். ஆனாலும் சென்னை நிலையம் ஒன்று திரையில் வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

நள்ளிரவுக்குப் பின் 40 மீட்டர் பட்டையில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும். விடியும்வரை பெட்டி கொஞ்சம் சூடானது, அதிர்வெண் நகரவில்லை. ஞாயிறு பகலில்தான் கை கட்டப்பட்டதுபோல் இருந்தது. என்னுடைய பதிப்பில் போட்டிக்குரிய 15, 10 மீட்டர் பட்டைகள் கிடையாது. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு 20 மீட்டரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மொத்தம் 94 தொடர்புகள். சிறிய வீடு, கையில் சாலிடர் பழக்கம், டிஜிட்டல் முறைகளில் ஆர்வம் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பேச விரும்புகிறவர்கள் வேறு வானொலி பார்க்க வேண்டும். நான் 20 முதல் 10 மீட்டர் வரையுள்ள உயர் அலைவரிசைப் பதிப்புக்கும் பணம் எடுத்துவைத்துவிட்டேன். அடுத்த ஆகஸ்ட்டுக்குள் சுற்றி முடித்துவிடுவேன்.