லெகோ லாரி: டெக்னிக்கா, மாடல் டீமா, கையடக்கமா?

லெகோ கம்பெனியின் பிளாஸ்டிக் கட்டையில் லாரி கட்ட உட்காருபவர்கள் பெரும்பாலும் கேபினில்தான் கை வைக்கிறார்கள். முகம்தானே முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் வண்டியின் அளவைத் தீர்மானிப்பது டயர். கேபின், பாடி, பம்பர் எல்லாவற்றையும் கட்டையை அடுக்கி எந்த அளவிலும் கொண்டுவந்துவிடலாம். ரப்பர் டயரை மட்டும் கம்பெனி என்ன அளவில் வார்த்திருக்கிறதோ அந்த அளவில்தான் வாங்க முடியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் சாலைகளில் ஓடும் 10.00-20 லாரி டயரின் விட்டம் ஏறக்குறைய 105 செ.மீ. லெகோவின் 24 மி.மீ. டயரை எடுத்தால் வண்டி 1:44 அளவுக்குச் சுருங்கும். 43.2 மி.மீ. டயர் என்றால் 1:24. பெரிய டெக்னிக் லாரிகளுக்குப் பொருந்தும் 62.4 மி.மீ. டயர் என்றால் ஏறத்தாழ 1:17. கட்டையின் தலையில் இருக்கும் குமிழை ஸ்டட் என்பார்கள். ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்த ஸ்டட்டுக்கும் 8 மி.மீ. இரண்டரை மீட்டர் அகல லாரி முதல் அளவில் ஏழு ஸ்டட் அகலம் வரும், அடுத்ததில் பதின்மூன்று, கடைசியில் பதினெட்டரை. ஒன்பது மீட்டர் நீளமுள்ள லாரி முறையே 20, 37, 53 சென்டிமீட்டருக்கு வந்து நிற்கும். வீட்டில் அலமாரி எவ்வளவு ஆழம் என்று இப்போதே அளந்துகொள்வது நல்லது.

இந்த மூன்று அளவுகளும் மூன்று தனித்தனிக் கட்டுமான முறைகளாகவே வளர்ந்துவிட்டன: சிறியது கையடக்கம், நடுவில் இருப்பது மாடல் டீம், பெரியது உள்ளே கியரும் இன்ஜினும் ஓடும் டெக்னிக். எது உசத்தி என்று கேட்டால் என் ஓட்டு நடுவில் இருப்பதற்குத்தான். ஏன் என்று சொல்வதற்குள் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

கையடக்க லாரி

இதில் சொல்ல அதிகம் இல்லை. மினிஃபிகர் எனப்படும் நான்கு சென்டிமீட்டர் மனிதன் ஓட்டுநர் சீட்டில் உட்கார வேண்டும் என்பதே இதன் நோக்கம். கணக்குப்படி ஏழு ஸ்டட் அகலம் வந்தாலும், ஒற்றைப்படையில் பாடி கட்டுவது தொல்லை என்பதால் ஆறிலோ எட்டிலோ முடித்துவிடுகிறார்கள். ஆறு ஸ்டட்டில் கட்டினால் லாரி ஒல்லியாகவும் டயர் பெரிதாகவும் தெரியும். எட்டு பரவாயில்லை, ஓட்டுநர் பக்கத்தில் கிளீனரும் உட்காரலாம். வீட்டில் கிடக்கும் கட்டைகளே பெரும்பாலும் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஸ்டியரிங் வைக்க இடமே இருக்காது, இன்ஜினைப் பற்றிப் பேச்சே இல்லை. வரிசையாகப் பத்து லாரி நிறுத்தி ஒரு புக்கிங் ஆபீஸ் காட்சி அமைக்க ஆசைப்படுபவருக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. ஒரே ஒரு லாரியை உருப்படியாகக் கட்ட நினைப்பவருக்கு இது பற்றாது.

டெக்னிக்: உள்ளே ஓடுவது

டெக்னிக் வரிசை 1977-இல் வந்தது. ஆரம்பத்தில் அதுவும் ஸ்டட் வைத்த, பக்கவாட்டில் ஓட்டை போட்ட கட்டைதான். 2000-ஐ ஒட்டி ஸ்டட் இல்லாத வழுவழுப்பான பீம்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பீமை பீமோடு கோப்பது பின் எனப்படும் சிறு முளை. கருப்புப் பின் இறுக்கமாகப் பிடிக்கும், வெளிர்நிறப் பின் சுழல விடும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, கியர் ஏன் திணறுகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாத டெக்னிக் ஆசாமி கிடையாது.

டெக்னிக் லாரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015-இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் அராக்ஸ் 3245 நல்ல உதாரணம். 2793 துண்டுகள், நான்கு ஆக்சில். முன்னால் உள்ள இரண்டு ஆக்சிலும் சேர்ந்து திரும்பும். வண்டியைத் தள்ளினால் பின்சக்கரச் சுழற்சி டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் கியர் கூட்டு) வழியாக ஏறிப்போய் இன்ஜினில் பிஸ்டன்களை மேலும் கீழும் ஆட்டும். முதுகில் காற்றழுத்தத்தால் இயங்கும் கிரேன். மோட்டார் ஒன்றுதான், காற்றுப் பம்பிலிருந்து டிப்பர் வரை எல்லா வேலையையும் கியர் மாற்றி அதையே செய்ய வைக்கிறார்கள். லாரியின் வயிற்றுக்குள் இவ்வளவு சங்கதி இருக்கிறதா என்று பையனுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. பொறியியல் கல்லூரிக்குப் போயும் டிஃபரன்ஷியலைக் கையில் தொட்டுச் சுழற்றிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நான்கடி தள்ளி நின்று அதே வண்டியைப் பாருங்கள். கதவுக்கும் பம்பருக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். கேபினின் பக்கவாட்டு முழுக்க வரிசையாக ஓட்டைகள். வளைந்த பேனல்களைப் பொருத்தி மூடப் பார்க்கிறார்கள். அந்தப் பேனல்களோ குறிப்பிட்ட சில அளவுகளில், குறைவான நிறங்களில்தான் கிடைக்கும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கருப்பு, நீலம் என்றால் பிழைத்தீர்கள். அதைத் தாண்டினால் தேட வேண்டும். 2018-இல் வந்த மேக் ஆந்தம் லாரியில் 2595 துண்டுகள். முகம் அராக்ஸைவிடத் திருத்தமாக அமைந்தது. அதற்கும் காரணம், மேக்கின் முகம் நேர்கோடுகளால் ஆனது என்பதுதான். வளைவான முகம் கொண்ட லாரி டெக்னிக்கில் எப்போதும் எலும்புக்கூடாகத்தான் நிற்கும்.

ஸ்டியரிங்கிலும் ஒரு விஷயம் உண்டு. நிஜ லாரி வளையும்போது உள்பக்கச் சக்கரம் அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் குறைவாகவும் திரும்பும். சாதாரண டெக்னிக் ரேக் ஸ்டியரிங்கில் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பும். தரையில் தள்ளி விளையாடும்போது தெரியாது. மேலிருந்து போட்டோ எடுத்தால் தெரிந்துவிடும்.

மாடல் டீம்: பார்க்க லாரியாகவே இருப்பது

1986 முதல் 1999 வரை லெகோ விற்ற வரிசை மாடல் டீம். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கான கட்டைக்கும் டெக்னிக்குக்கும் நடுவில் பெரிய அளவில், பார்வைக்கு அச்சு அசலாக வண்டிகளைக் கட்டத் தந்தார்கள். 1986-இல் ஹைவே ரிக், 1990-இல் ஹெலிகாப்டரைச் சுமந்து வந்த சூப்பர் டிரக், 1996-இல் கருப்பு நிறத்தில் ஜயன்ட் டிரக். வரிசை நின்றுவிட்டாலும் முறை நிற்கவில்லை. இன்று சொந்த டிசைனில் லாரி கட்டும் பெரியவர்களில் நிறையப் பேர் போவது இந்த வழியில்தான். சேஸுக்கு ஓட்டையுள்ள டெக்னிக் கட்டை, மேலே முழுக்கச் சாதாரணக் கட்டை, பிளேட் எனப்படும் மெல்லிய தட்டைக் கட்டை, குமிழ் இல்லாத வழவழப்பான டைல்.

இந்த முறையின் சாமர்த்தியம் எல்லாம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை, 9.6 மி.மீ. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ. இரண்டு ஸ்டட் அகலமும் அதே 16 மி.மீ. அதாவது ஐந்து பிளேட் அடுக்கைப் படுக்கப் போட்டால் இரண்டு ஸ்டட் இடத்தில் இம்மி பிசகாமல் உட்காரும். லாரியின் கிரில் இப்படித்தான் பிறக்கிறது: பிளேட்டுகளைச் செங்குத்தாகத் திருப்பி, பக்கவாட்டில் குமிழ் உள்ள சிறிய கட்டையில் மாட்டுகிறார்கள். அந்தச் சிறிய கட்டைக்குக் கட்டுபவர்கள் மத்தியில் பெயரே ஹெட்லைட் கட்டை. கிரில்லின் ஒவ்வொரு பட்டையும் 3.2 மி.மீ.; 1:24 அளவில் அது எட்டு சென்டிமீட்டர் தடிமன். ஒரு பிளேட் கருப்பு, ஒரு பிளேட் சாம்பல் என்று மாற்றி மாற்றி அடுக்கினால் தூரத்திலிருந்தே லாரியின் முகம் தெரிந்துவிடும். டெக்னிக் பீமின் தடிமன் 8 மி.மீ.; அதில் இந்த நுணுக்கத்துக்கு வாய்ப்பே இல்லை.

பதின்மூன்று ஸ்டட் என்ற ஒற்றைப்படை அகலமும் இங்கே கைகொடுக்கிறது. டிஃபரன்ஷியலும் ஆக்சிலும் நடுக்கோட்டில் ஒரு ஓட்டையைக் கேட்கும். குறுக்கே டெக்னிக் பீம் வைத்தால், இரட்டைப்படை அகலத்தில் நடுவில் வருவது இடைவெளி. அதனால் சேஸைப் பதின்மூன்றில் வைத்து ஸ்டியரிங்கையும் பின் ஆக்சிலையும் உள்ளே ஒளித்துவிட்டு, அதன்மேல் கட்டைப் பாடியை ஏற்றலாம். ஓட்டைக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது இடையில் இரண்டு பிளேட் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 9.6-உம் 6.4-உம் சேர்ந்து 16. அப்போதுதான் மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் டெக்னிக் அளவுக்கு நேராக வரும்.

குறை இல்லையா? நிறைய. கனம் அதிகம். பாடியைப் பிடித்துத் தூக்கினால் பாடி மட்டும் கையோடு வரும், சேஸ் மேசையிலேயே கிடக்கும். குழந்தை கையில் கொடுக்க முடியாது. துண்டுக் கணக்கும் ஏறிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துக்கு எந்த நிறக் கட்டையும் போடலாம் என்பது ஒன்றே ஆறுதல்.

நம் லாரியை வைத்து ஒரு சோதனை

ஐரோப்பிய, அமெரிக்க லாரிகள்தான் பெட்டிகளில் வருகின்றன. ஒரு அசோக் லேலண்ட் டாரஸையோ பழைய டாடாவையோ கட்ட வேண்டுமென்றால் எந்த முறை ஒத்துவரும்? நேஷனல் பெர்மிட் லாரியையே எடுத்துக்கொள்வோம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கு நிறமே விதித்திருந்தார்கள்: காய்ந்த இலையின் பழுப்பு, சுற்றிலும் 30 செ.மீ. அகல வெள்ளைக் கரை, 60 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் ‘நேஷனல் பெர்மிட்’ என்ற எழுத்து.

1:24-இல் 30 செ.மீ. கரை என்பது பன்னிரண்டரை மி.மீ. நான்கு பிளேட் அடுக்கு 12.8. 60 செ.மீ. வட்டம் 25 மி.மீ.; மூன்று ஸ்டட் விட்டமுள்ள வட்ட டைல் 24. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. 1:44-இல் கரைக்கு இரண்டு பிளேட் போட்டுச் சமாளிக்கலாம். வட்டத்துக்குள் எழுத்தை வரைய நெல்மணியில் பெயர் எழுதுகிறவர் வர வேண்டும். டெக்னிக்கில் பாடியின் பக்கப் பலகையே ஓட்டை ஓட்டையாக இருக்கும். பலகை வைத்த லாரி பாடி, குறுக்குக் கட்டைகள், வண்ணப் பட்டைகள், கேபினுக்கு மேலே கேரியர் எல்லாம் அடுக்குக் கட்டைக்கென்றே செய்தவை. இந்தச் சோதனையில் மாடல் டீம் முறை ஒருதலையாக ஜெயிக்கிறது.

பழுப்பில் ஒரு எச்சரிக்கை. லெகோவின் சிவந்த பழுப்பு நிறத்தில் வந்த பழைய துண்டுகள் எளிதில் விரிசல் விடும். இது கட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். செகண்ட் ஹேண்டில் பழுப்பு வாங்கி, கழற்றும்போது கையில் இரண்டாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். புதிதாகவே வாங்குங்கள்.

காசும் மோட்டாரும்

இந்தியாவில் விலைதான் பெரிய தடை. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மைகளை விற்கவும் கூடாது. பெரிய டெக்னிக் பெட்டியின் விலையைப் பார்த்து மலைப்பதற்கு இந்த வரியும் ஒரு காரணம். உதிரியாகத் துண்டு வாங்க உலகமே போகும் இடம் பிரிக்லிங்க். 2019-இல் அதை லெகோவே வாங்கிவிட்டது. வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் துண்டு விலையைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே பிரிக்லிங்கின் இலவச மென்பொருளான ஸ்டுடியோவில் முழு லாரியையும் திரையில் கட்டி முடித்து, பட்டியல் எடுத்து, ஒரே தடவையில் ஆர்டர் செய்வதுதான் புத்திசாலித்தனம். துண்டு துண்டாக வாங்கினால் கட்டுப்படியாகாது.

சீனத்து காடா, மோல்ட் கிங், போலந்தின் கோபி ஆகியவை லெகோவோடு பொருந்தும் கட்டைகளைச் செய்கின்றன. இது திருட்டு நகல் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டையின் அடிப்படைக் காப்புரிமை 1958-இல் பதிந்தது, எப்போதோ காலாவதியாகிவிட்டது. கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாகவே வைத்துக்கொள்ள லெகோ முயன்றபோது 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே வெறும் கட்டை செய்வதில் தப்பில்லை; அடுத்தவர் டிசைனை அனுமதியில்லாமல் பெட்டியில் போட்டு விற்பது வேறு கதை. பெரிய மோட்டார் லாரி வேண்டும், பணம் குறைவு என்றால் காடாவும் மோல்ட் கிங்கும் கவனிக்க வேண்டியவை. கோபி ஸ்டிக்கருக்குப் பதிலாகப் பெரும்பாலும் அச்சடித்த துண்டுகளைத் தருகிறது. ராணுவ லாரிப் பிரியர்களுக்கு அது தனிச் சொர்க்கம். ஆனால் இரண்டு கம்பெனிக் கட்டைகளை ஒரே பாடியில் கலக்காதீர்கள். மஞ்சளுக்கு மஞ்சள் வித்தியாசம் வெயிலில் பளிச்சென்று தெரியும்.

மோட்டார் விஷயத்தில் டெக்னிக்குக்குப் போட்டியே இல்லை. 2007-இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் என்ற லெகோ மோட்டார் தொகுப்பு அகச்சிவப்பு ரிமோட்டில் இயங்கியது. கடும் வெயிலில் சிக்னல் திணறும். ஆனால் போன் தேவையில்லை. இப்போதைய பெரிய வண்டிகள், உதாரணமாக 2020-இன் ஆறு சக்கர வால்வோ டம்பர், ப்ளூடூத் வழியாகப் போன் ஆப்பில் ஓடுகின்றன. ஆப் அப்டேட் நின்றுபோகும் ஒரு நாளில் அந்த வண்டி என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. 1990-களின் வயர் வைத்த மோட்டார்கள் இன்றும் பேட்டரி போட்டால் ஓடுகின்றன.

மெக்கானிசத்தில் மனசு போகிறவர் டெக்னிக் பெட்டியையே வாங்கட்டும். சொந்த டிசைனில் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு என் யோசனை: 43.2 மி.மீ. டயர் பத்து வாங்குங்கள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஆக்சிலுக்கும் இரட்டை டயராக எட்டு. ரிம் தனியாக விற்பார்கள், அதையும் கூடவே ஆர்டரில் சேருங்கள். முதலில் சேஸை மட்டும் கட்டி, தரையில் உருட்டி, ஸ்டியரிங் பம்பரில் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேபினுக்குப் போகலாம்.